வெற்றுவெளியில் திறக்கும் கதவு: இங்கிலாந்தின் இடைக்கால நாட்டுப்புறப் பங்குக் கோவில் பற்றி ஒரு கேள்வி

கேள்வி
எழுதியவர்: வரைபலகை

அனைவருக்கும் வணக்கம். கட்டட வரைவாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். மகளின் குடும்பத்தோடு சில மாதங்கள் தங்குவதற்காக இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு வந்திருக்கிறேன். இந்த நார்ஃபோக் மாவட்டத்தில் இடைக்காலக் கோவில்கள் மட்டுமே 600க்கு மேல் நிற்கின்றன என்பதால், எந்தத் திசையில் நடந்தாலும் வயல்களுக்கு நடுவே ஒரு கோபுரம் கண்ணில் படுகிறது. சென்ற வாரம் அப்படி ஒரு சிற்றூர்க் கோவிலுக்குள் நுழைந்தேன். கதவு பூட்டப்படவில்லை, உள்ளே ஒருவரும் இல்லை. பழைய வழக்கத்தால் அளவு நாடா பையிலேயே இருந்தது. இரண்டு மணி நேரம் அளந்து ஒரு தரைப்படம் போட்டுக்கொண்டேன். படம் சரியாக வந்துவிட்டது. கட்டடந்தான் எனக்குப் புரியவில்லை.

மேற்கே கோபுரம், அதை ஒட்டி மக்கள் கூடும் நீண்ட கூடம், கூடத்தின் கிழக்கு முனையில் ஒரு பெரிய வளைவு, வளைவுக்கு அப்பால் குறுகலாகவும் தாழ்ந்த கூரையோடும் பீடப்பகுதி என்பது வரை தெளிவு. ஆனால் அந்த வளைவுக்கு வடபுறம் சுவரின் கனத்துக்குள்ளேயே ஒரு படிக்கட்டு ஏறுகிறது. ஓர் ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் ஏற முடியும். அது தரையிலிருந்து சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சிறு வாசலில் முடிகிறது. வாசலுக்கு வெளியே வெறும் காற்று. பீடப்பகுதியின் தெற்குச் சுவரில் அடியில் துளையுள்ள ஒரு கல் கிண்ணம் மாடத்துக்குள் அமைந்திருக்கிறது. அதன் அருகே ஒன்றைவிட ஒன்று தாழ்வாக மூன்று கல் இருக்கைகள். வளைவை ஒட்டிய சுவரில் சாய்வாகக் குடையப்பட்ட ஒரு துளை. தெற்கு வாசலுக்கு அருகில் உள்ள ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பில் இரும்பு எதையோ பிடுங்கி எடுத்த காயம். வளைவின் கீழே இடுப்பளவு உயரத்தில் நிற்கும் மரத்தடுப்பில் புனிதர்களின் ஓவியங்கள். உடைகளின் சிவப்பும் பச்சையும் அப்படியே இருக்க, முகங்கள் மட்டும் சுரண்டப்பட்டிருக்கின்றன.

படிக்கட்டு பிரசங்கம் செய்பவருக்காக இருக்கலாம் என்று எண்ணினேன். சாய்வுத் துளை தொழுநோயாளிகள் வெளியிலிருந்து பூசை காண்பதற்கு என்று வழியில் சந்தித்த ஒருவர் சொன்னார்; ஆனால் என் தரைப்படத்தின்படி அந்தத் துளை வெளிப்புறத்துக்குத் திறக்கவே இல்லை, பக்கக்கூடத்துக்குள்தான் திறக்கிறது. இவை ஒவ்வொன்றும் எதற்காகக் கட்டப்பட்டன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


மறுமொழி 1
எழுதியவர்: கல்லும் சுண்ணாம்பும்

ஐயா, நீங்கள் படிக்கட்டிலிருந்து தொடங்கியது மிகச் சரி, ஏனெனில் அந்த ஒரு படிக்கட்டைப் புரிந்துகொண்டால் கோவிலின் பாதி புரிந்துவிடும். நீங்கள் அளந்தது தட்டுமுட்டுச் சாமான் அனைத்தையும் அப்புறப்படுத்திய ஒரு வீட்டைப் போன்றது. ஆணி அடித்த துளைகளும் பலகை செருகிய பள்ளங்களும் சுவரில் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் தாங்கி நின்ற பொருள்கள் போய்விட்டன.

அந்தச் சிறு வாசல் ஒரு பரணுக்குத் திறந்தது. மக்கள் கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் இடையே, நீங்கள் கண்ட வளைவின் அகலம் முழுவதும், மரத்தாலான ஒரு திரை நின்றது. அதன் கீழ்ப்பகுதி இடுப்பளவுக்கு அடைத்த பலகை. மேற்பகுதி பார்வை ஊடுருவக்கூடிய மரப்பின்னல். இந்தத் திரையின் தலையில் முன்னும் பின்னும் நீண்டு நின்ற ஒரு நடைமேடைதான் பரண். பரணுக்கு மேலே, ஊர் முழுவதும் அண்ணாந்து பார்க்கும்படி, பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம்) அதன் இருபுறமும் மாதாவும் அருளப்பரும் (யோவான்) நின்றார்கள். சிலுவையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் 'ரூட்'; அதனால் அது ரூட் திரை, ரூட் பரண் என்று வழங்கியது. சுரூபத்தின் முன் எரிந்த மெழுகுதிரிகளைக் கவனிக்கவும், தவக்காலத்தில் அதைத் துணியால் மூடவும், குருத்து ஞாயிறன்று அந்தத் திரைச்சீலையை மேலே இழுத்துச் சுரூபத்தை வெளிப்படுத்தவும் யாரேனும் மேலே ஏற வேண்டியிருந்தது. சில ஊர்களில் பாடகர்களும் ஏறிப் பாடினார்கள். உங்கள் படிக்கட்டு அவர்களுக்கானது. பிரசங்க மேடை வேறு. பெரும்பாலான நாட்டுப்புறக் கோவில்களில் அது 15ஆம் நூற்றாண்டில்தான் இடம்பெற்றது, அதுவும் மக்கள் கூடத்தில், அவர்களுக்கு நடுவே.

சுரூபத்துக்குப் பின்னால், வளைவுக்கு மேலுள்ள சுவரில் அல்லது வளைவை அடைத்த பலகையில், பொதுத்தீர்வைக் காட்சி, அதாவது உலக முடிவில் நடக்கும் இறுதித் தீர்ப்பு, தீட்டப்பட்டிருக்கும். கல்லறைகளிலிருந்து மனிதர்கள் எழுவதும், மிக்கேல் சம்மனசானவர் தராசில் ஆன்மாக்களை நிறுப்பதும், ஒருபுறம் மோட்ச வாசலும் மறுபுறம் நரகத்தின் வாயும் ஒரே படத்தில் இருக்கும். பக்கத்து மாவட்டமான சஃபோக்கில் வென்ஹாஸ்டன் என்ற ஊருக்குப் போய்வர முடிந்தால் அவசியம் போய் வாருங்கள். அங்கே இந்தக் காட்சி மரப்பலகைகளில் தீட்டப்பட்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் பிரிந்த சமயச் சீர்திருத்தத்தின்போது அதன் மேல் வெள்ளையடித்து, உயர் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் உரோமையர் நிருப வாசகத்தை எழுதிவைத்தார்கள். 1892இல் கோவிலைப் புதுப்பித்தபோது, பழைய பலகைகள்தானே என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். அன்றிரவு பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து, அடியிலிருந்த தீர்வைக் காட்சி வெளிப்பட்டது. அந்தப் பலகைகளைக் கூர்ந்து பார்த்தால் வண்ணமே படாத மூன்று உருவ வடிவங்கள் தெரியும்: நடுவே ஒரு சிலுவை, இருபுறமும் நிற்கும் இருவர். சுரூபங்களைப் பலகையோடு ஒட்டிப் பொருத்தியபின் ஓவியன் அவற்றைச் சுற்றி வண்ணம் தீட்டியிருக்கிறான். சுரூபங்கள் என்றோ அழிந்துவிட்டன. அவை நின்ற இடம் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் வருத்திய பொருள் அதுதான்.

இனி, பரண் போய்த் திரையின் கீழ்ப்பகுதி மட்டும் ஏன் தங்கியது என்பதற்கும் திட்டவட்டமான காரணம் உண்டு. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1548இல், கோவில்களில் உள்ள சுரூபங்கள் அனைத்தையும் அகற்றும்படி ஆணை பிறந்தது. 1550இல் கற்பீடங்களை இடிக்கச் சொன்னார்கள். 1553இல் அரியணை ஏறிய மேரி அரசி கத்தோலிக்க முறையைத் திரும்பக் கொண்டுவந்ததும் ஊர்கள் மறுபடியும் செலவு செய்து சுரூபங்களை ஏற்றின. ஐந்தே ஆண்டுகளில் அவர் இறந்துவிட, எலிசபெத் அரசியின் ஆட்சியில் 1561இல் வந்த ஆணை பரண்களைக் கழற்றச் சொல்லியது. ஆனால் மக்கள் கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் தடுப்பு இருக்கட்டும் என்றும் அதே ஆணை சொல்லியது. ஆகவே தச்சர்கள் மேலே இருந்ததை அறுத்தார்கள், கீழே இருந்ததை விட்டார்கள். படிக்கட்டு சுவருக்குள் இருந்ததால் அதை இடிப்பதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

பரணோடு முழுமையாக நிற்கும் ஒரு திரையைக் காண விரும்பினால் வேல்ஸ் நாட்டின் கருமலைப் பகுதியில் உள்ள பாட்ரிஷோ என்னும் மிகச் சிறிய கோவிலுக்குப் போக வேண்டும். சுமார் 1500ஆம் ஆண்டைச் சேர்ந்த, வண்ணம் பூசாத ஓக் மரத்திரை. அதன் குறுக்குச் சட்டத்தில் திராட்சைக் கொடியை வாயில் கவ்விய பறவைநாகம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. திரைக்கு முன்னால் இருபுறமும் இரண்டு கற்பீடங்கள்கூட இடிபடாமல் நிற்கின்றன. சாலைகூடச் சரியாக எட்டாத மலைச்சரிவில் இருந்ததே அதைக் காப்பாற்றியது.

உங்களுக்கு அருகிலேயே இருப்பது ரேன்வர்த் ஊரின் புனித எலேனா கோவில். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அதன் திரையில் பன்னிரு அப்போஸ்தலர்கள் நடுவே நிற்க, இருபுறமும் பக்கப்பீடங்களின் பின்பலகைகளும் வண்ணத்தோடு தப்பியிருக்கின்றன. தென்புறப் பீடத்தில் யார் யாரைத் தீட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: மாதா, குழந்தைகளோடு இரண்டு மரியாள்கள், பேறுகாலத்தில் பெண்கள் வேண்டிக்கொள்ளும் புனித மார்கரீத். பிள்ளை பெற்ற பெண் முதல் முறையாகக் கோவிலுக்கு வந்து நன்றி செலுத்தும் சடங்குக்கு வந்து நின்றபோது அவள் கண்முன் இருந்தவர்கள் இவர்கள். ஓவியன் தன் விருப்பத்துக்குத் தேர்ந்த வரிசையாக இதை என்னால் கருத முடியவில்லை. யார் அங்கே முழந்தாளிடுவார்கள் என்பதை அறிந்து தீட்டப்பட்டது அது.


மறுமொழி 2
எழுதியவர்: பீடச்சிறுவன்

பூசை இலத்தீனில் நடந்த காலத்தில் எங்கள் ஊரில் குருவானவருக்கு உதவிச் சிறுவனாக இருந்தவன் நான். எழுந்தேற்றத்தின்போது மணி அடிப்பது என் வேலை. அந்த அனுபவத்தால்தானோ என்னவோ, இந்தப் பழைய ஆங்கிலக் கோவில்களின் பீடப்பகுதியை நூல்களில் பார்க்கும்போது ஒவ்வொரு மாடமும் எனக்குப் பழகிய இடமாகவே படுகிறது. ஆகவே அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

துளையுள்ள கல் கிண்ணத்துக்குப் பிசினா என்று பெயர். குரு விரல்களைக் கழுவிய நீரும், பூசைக்குப் பின் திருக்கிண்ணத்தைக் கழுவிய நீரும் அதில் ஊற்றப்பட்டன. அர்ச்சிக்கப்பட்ட இரசத்தின் ஒரு துளியாவது அந்த நீரில் இருக்கலாம் என்பதால், அதை முற்றத்தில் வீசக் கூடாது. சுவரின் வழியே கோவில் நின்ற மண்ணுக்குள்ளேயே இறங்க வேண்டும். துளை அதற்காக. உங்கள் கிண்ணத்தில் ஒரு குழி இருக்கிறதா, இரண்டு இருக்கின்றனவா என்று அடுத்த முறை கவனியுங்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைக்கு ஒன்றும் கிண்ணத்துக்கு ஒன்றுமாக இரண்டு குழி வெட்டும் வழக்கம் இருந்தது. பின்னர், கழுவிய நீரைக் குருவே பருகிவிட வேண்டும் என்ற முறை நிலைபெற்றதும் ஒரு குழியே போதுமானதாயிற்று. கல்வெட்டு ஏதும் இல்லாத சுவரில் காலத்தைக் கணிக்க இது ஒரு நல்ல தடயம்.

மூன்று இருக்கைகள் குருவுக்கும் அவருக்குத் துணை நிற்கும் இரு திருப்பணியாளர்களுக்கும் உரியவை. சிற்றூரில் பெரும்பாலும் ஒரே குருதான் இருந்திருப்பார். ஆனாலும் திருவிழா நாளில் மூவர் நின்று செய்யும் பாட்டுப் பூசையைக் கருதியே கல்லில் இடம் வைத்தார்கள். இருக்கைகள் படிப்படியாக உயர்வது பீடத்தை நோக்கித் தரை உயர்வதால்.

எதிரே வடக்குச் சுவரிலும் ஒரு மாடம் இருந்ததா? இருந்தால் அது உயிர்ப்புக் கல்லறையாக இருக்கலாம். பெரிய வெள்ளியன்று சிலுவையையும் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தையும் துணியில் சுற்றி அங்கே அடக்கம் செய்து, உயிர்ப்பு ஞாயிறு விடியும்வரை மெழுகுதிரி ஏற்றி ஊரார் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். பெரும்பாலான ஊர்களில் அது மரத்தால் செய்து ஆண்டுதோறும் எடுத்துக் கட்டும் சட்டமாகவே இருந்ததால் எஞ்சவில்லை. லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டன் ஊரில், 14ஆம் நூற்றாண்டுக் கல்வேலையாக, கல்லறைக் காவலர்கள் அடியில் உறங்கிக்கிடக்கும் முழு வடிவத்தில் காணலாம்.

சாய்வுத் துளை பற்றி உங்கள் தரைப்படமே சரியான விடையைத் தந்துவிட்டது. தொழுநோயாளிகள் பற்றிய கதை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. உங்கள் துளை பக்கக்கூடத்தில் இருப்பவர்களின் பார்வை பெரிய பீடத்தில் விழுவதற்கானது. இதன் அருமையை உணர அக்காலத்து வழக்கத்தை அறிய வேண்டும். 1215இல் கூடிய நான்காம் லாத்தரான் சங்கம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து பாஸ்கு (உயிர்ப்புத் திருவிழா) காலத்தில் நன்மை, அதாவது அர்ச்சிக்கப்பட்ட அப்பம், வாங்க வேண்டும் என்று விதித்தது. பெரும்பாலோருக்கு அந்த ஒருமுறைதான். ஆண்டின் மற்ற நாள்களில் அவர்கள் நன்மை வாங்கவில்லை, பார்த்தார்கள். குரு அப்பத்தைத் தலைக்கு மேல் உயர்த்தும் எழுந்தேற்றத்தின் அந்த நொடிக்காக மணி அடிக்கும்வரை காத்திருந்தார்கள். சில ஊர்களில், திரையின் அடைத்த கீழ்ப்பலகையில், முழந்தாளிட்டவரின் கண்மட்டத்தில் சிறு துளைகள் குடையப்பட்டிருக்கின்றன. நீங்கள் பார்த்த திரையிலும் இருக்கக்கூடும். வண்ணத்தை மட்டும் பார்த்து வந்துவிடாதீர்கள்.

நோயாளிகளுக்காக ஒதுக்கிய அப்பம் பீடத்துக்கு மேலே ஒரு சிமிழில் தொங்கியது. சிமிழை மூடிய மரக் கூம்பு ஒன்று சஃபோக்கில் டெனிங்டன் கோவிலில் தப்பியிருக்கிறது. இங்கிலாந்திலேயே இப்படிப்பட்டவை மிக அரிது.

தொட்டியின் விளிம்புக் காயம் பூட்டு இருந்த இடம். பெரிய சனிக்கிழமையிலும் பெந்தெகொஸ்தே திருவிழாவுக்கு முந்திய நாளிலும் மந்திரித்த நீரை வாரக்கணக்கில் தொட்டியிலேயே வைத்திருந்தார்கள். அதைச் சூனியக்காரர்கள் திருடிவிடுவார்கள் என்ற அச்சத்தால், தொட்டிக்கு மூடியும் பூட்டும் போட வேண்டும் என்று காண்டர்பரிப் பேராயர் எட்மண்ட் 1236இல் விதித்தார். வெறும் பலகையாகத் தொடங்கிய மூடி, 15ஆம் நூற்றாண்டில் சில ஊர்களில் வானளாவிய மரக்கோபுரமாக வளர்ந்தது. சஃபோக்கின் அஃபர்டு ஊரில் உள்ளது சுமார் 18 அடி உயரம். உச்சியில் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ஊட்டும் பெலிக்கான் பறவை அமர்ந்திருக்கிறது. கீழ்த்தட்டு மேல்தட்டின் மீது ஏறிக்கொள்ளும்படி தச்சன் அமைத்திருப்பதால், முழு மூடியையும் அகற்றாமலே தொட்டியைத் திறக்கலாம்.


வரைபலகை எழுதியது

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. வளைவின் மேற்கே உள்ள கூடமும் கிழக்கே உள்ள பீடப்பகுதியும் ஒரே கையால் கட்டியவையாகத் தெரியவில்லை. பீடப்பகுதியின் சன்னல்கள் சிறியவை, வளைந்த கல்பின்னல் உடையவை. கூடமோ உயரமானது, அதன் கூரைக்குக் கீழே வரிசையாக மேல்சன்னல்கள், சன்னல்களின் கல்சட்டங்கள் செங்குத்தாக நேராக ஏறுகின்றன. ஒரே கோவிலில் ஒரு பாதிக்கு இவ்வளவு செலவு செய்தவர்கள் மறுபாதியை ஏன் அப்படியே விட்டார்கள்? யாருடைய பணம் இது?


மறுமொழி 3
எழுதியவர்: பழங்கணக்கு

இரண்டு பாதிகளுக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் இருந்தார்கள் என்பதே விடை. இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டுக்குள் நிலைபெற்றுவிட்ட வழக்கத்தின்படி, தசமபாகம் (ஊராரின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) பெறும் முதன்மைக் குரு பீடப்பகுதியைப் பழுது பார்க்க வேண்டும். மக்கள் கூடத்தையும் கல்லறைத் தோட்டத்தின் மதிலையும் ஊரார் பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஊர்களில் அந்தத் தசமபாக உரிமையை ஏதேனும் ஒரு துறவிமடம் எடுத்துக்கொண்டு, ஊருக்குச் சிறிய ஊதியத்தில் ஒரு துணைக்குருவை வைத்தது. தொலைவில் இருந்த மடத்துக்கு உங்கள் சிற்றூரின் பீடப்பகுதியை உயர்த்திக் கட்ட என்ன அவசரம்? ஊராருக்கோ அவசரம் இருந்தது. நீங்கள் கண்ட வளைந்த கல்பின்னல் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. செங்குத்துச் சட்டங்கள் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு. இடையில் 1348-49இன் கொள்ளைநோய் வந்து போனது. அதற்குப் பிந்திய தலைமுறைகளில் கிழக்கு இங்கிலாந்தில் கம்பளியும் துணியும் நல்ல காசு கொடுத்தன. செத்தவர்களின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து (மோட்சத்துக்கு முன் பாவத் தண்டனையைக் கழிக்கும் இடம்) கரையேற மன்றாட வேண்டும் என்ற கவலையும் அந்தக் காசைக் கோவிலுக்குத் திருப்பியது. ஆகவே பாதிக் கோவில் வளர்ந்தது, பாதி நின்றுவிட்டது.

இந்தப் பிரிவினை வெறும் பழங்கதை ஆகிவிடவில்லை. மடங்கள் 1536க்கும் 1540க்கும் இடையில் கலைக்கப்பட்டபோது அவற்றின் நிலங்களோடு தசமபாக உரிமையும் தனியார் கைக்குப் போயிற்று. அதோடு பீடப்பகுதியைப் பழுது பார்க்கும் கடனும் ஒட்டிக்கொண்டே போயிற்று. வார்விக்ஷயரின் ஆஸ்டன் காண்ட்லோ ஊரில் அப்படிப்பட்ட நிலத்தை உரிமையாகக் கொண்டிருந்தவர்கள் அவ்வூர்க் கோவிலின் பீடப்பகுதியைப் பழுது பார்க்கும் செலவுக்குப் பொறுப்பு என்று 2003ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஊராரின் சுமை சுவரோடு நிற்கவில்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராயர் ராபர்ட் வின்செல்சியின் பெயரால் வழங்கிய ஒரு விதி, ஊரார் வாங்கித் தர வேண்டிய பொருள்களை வரிசையாகச் சொல்கிறது: பூசைப் புத்தகமும் பாட்டுப் புத்தகங்களும், திருக்கிண்ணம், பூசை உடைகள், சுற்றுப்பிரகாரச் சிலுவை, தூபக்கலசம், நோயாளியிடம் நன்மை கொண்டுபோகும்போது முன்னே ஏந்தும் விளக்கும் மணியும், தவக்காலத் திரைச்சீலை, கொடிகள், கயிற்றோடு கூடிய கோபுர மணிகள், பிணம் தூக்கும் பாடை, தீர்த்தச் செம்பு, பூட்டுள்ள ஞானஸ்நானத் தொட்டி. ஒரு சிற்றூருக்கு இது பெரும் பட்டியல். இதை அவர்கள் எப்படி ஈடுகட்டினார்கள் என்பதைக் காட்டும் கணக்குகள் சில ஊர்களில் தப்பியிருக்கின்றன. அவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானது டெவன் மாவட்டத்தின் மோர்பாத்.

மோர்பாத் முப்பது சொச்சம் குடும்பங்களே கொண்ட ஆடு மேய்க்கும் ஊர். கிறிஸ்டபர் டிரைக்கே என்ற குரு 1520இல் அங்கு வந்து 1574இல் இறக்கும்வரை அதே ஊரில் இருந்தார்; கோவில் கணக்கைத் தாமே எழுதி, ஆண்டுதோறும் ஊரார் கேட்க வாசித்தார். மாதாவின் திரிக்கு ஒரு நிதி, புனித சித்வெல்லின் சுரூபத்துக்கு ஒரு நிதி, இளைஞர்களுக்கு ஒன்று, கன்னிப்பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனி நிதிகள் இருந்தன. கன்னிப்பெண்களின் நிதிக்குப் பொறுப்பாளர்கள் அவர்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கோவிலுக்குச் சொந்தமான ஆடுகள் ஊராரின் மந்தைகளில் பிரித்து விடப்பட்டிருந்தன. எந்த ஆடு எவர் மந்தையில், எது செத்தது, எதன் கம்பளி என்ன விலை போயிற்று என்பதெல்லாம் பலிபீடத்துத் திரியின் கணக்கில் வருகின்றன. அடக்கப் பூசைக்கு ஒரு கறுப்பு உடைத்தொகுதி வேண்டும் என்று டிரைக்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார். அது கைக்கு வந்தது 1547இல். அதே ஆண்டில் எட்வர்டின் ஆணைகள் தொடங்கிவிட்டன.

அந்த ஆணைகளின்போது மோர்பாத்தின் பொருள்கள் பல ஊராரின் வீடுகளுக்குள் மறைந்தன. மேரி அரசி வந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பக் கொண்டுவந்து வைத்ததையும் குருவே பதிவு செய்திருக்கிறார். கோவிலின் அறைகலன் என்பது அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பமும் ஆட்டை விற்று வாங்கிய பங்கு. அதனால்தான் அதை வீட்டுக்குள் வைத்துக் காக்கும் துணிவு அவர்களுக்கு வந்தது என்று நான் நம்புகிறேன்.

கல்லைப் பற்றியும் ஒரு சொல். நார்ஃபோக்கில் வெட்டிச் செதுக்கும் நல்ல கல் கிடையாது. வயலில் பொறுக்கிய சிக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்பில் பதித்தே சுவர் எழுப்பினார்கள். மூலைக்கும் சன்னலுக்கும் வேண்டிய கல் பார்னாக் என்ற ஊரின் கற்சுரங்கத்திலிருந்தோ கடல் கடந்து நார்மண்டியின் கான் நகரிலிருந்தோ படகில் வந்தது. உங்களுடையது சதுரக் கோபுரமாக இருந்தால், அதன் மூலைக்கல்லைக் கவனியுங்கள்; ஊராரின் செலவு அங்கேதான் தெரியும். மூலையே இல்லாத வட்டக் கோபுரங்கள் நார்ஃபோக்கில் மட்டும் 120க்கு மேல் இருக்கின்றன.


மறுமொழி 4
எழுதியவர்: கல்லும் சுண்ணாம்பும்

சுரண்டப்பட்ட முகங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உள்ளூரில் யாரைக் கேட்டாலும், 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த பாராளுமன்றத் தரப்பின் தளபதி குரோம்வெல்லின் படைவீரர்கள் என்பார்கள். அது பெரும்பாலும் பொருந்தாது. வில்லியம் டவுசிங் என்பவர் பாராளுமன்ற ஆணையின்படி 1643-44இல் சுமார் 250 கோவில்களில் படங்களையும் கல்வெட்டுகளையும் அழித்து, அதை நாள்வாரியாக எழுதியும் வைத்தார். ஆனால் அவர் குறிப்பேட்டில் உள்ள ஊர்கள் கேம்பிரிட்ஜ்ஷயரையும் சஃபோக்கையும் சேர்ந்தவை. நார்ஃபோக் அதில் இல்லை. திரைகளில் முகம் சுரண்டும் வேலை அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, எட்வர்டின் காலத்திலும் எலிசபெத்தின் தொடக்க ஆண்டுகளிலும் நடந்தது; செய்தவர்கள் பல இடங்களில் அந்தந்த ஊராரே. மறுமொழி 3இல் சொன்ன மோர்பாத்தின் பாசத்தை எல்லா ஊருக்கும் பொதுவாக்கிவிட முடியாது என்பது என் கருத்து. சில ஊரார் ஒளித்து வைத்தார்கள். சில ஊரார் விற்றார்கள். சிலர் முகத்தை மட்டும் கெடுத்துவிட்டு உடையையும் பொன்முலாமையும் விட்டார்கள். ஆணைக்குக் கீழ்ப்படிந்ததாகவும் ஆயிற்று, பாட்டன் கொடுத்த பணம் முழுவதும் வீணாகாமலும் ஆயிற்று.

டவுசிங்கையும் எல்லா இடத்திலும் வரவேற்றுவிடவில்லை. பீடச்சிறுவன் குறிப்பிட்ட அஃபர்டு ஊரில், தம்மை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கோவிலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தொட்டி மூடியைப் போப்பாண்டவரின் மும்முடி போன்றது, உச்சியில் மார்பைக் கொத்தும் பெலிக்கானோடு முழுவதும் பொன்பூசியது என்று வருணித்து, 'மகிமையான மூடி' என்றும் குறித்தார். உடைக்கவில்லை.

கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சஃபோக்கின் பிளைத்பர்க் கோவிலில் விட்டங்களின் நடுவே சிறகு விரித்த மரச் சம்மனசுகள் இருக்கிறார்கள். டவுசிங் 1644 ஏப்ரலில் வந்து இருபது சம்மனசுகளை இறக்கச் சொல்லிப் போனார். எட்டாத உயரம், இறக்கவில்லை. அவர்கள் உடலில் பதிந்திருந்த ஈயக் குண்டுகளை அவருடைய ஆட்கள் சுட்டவை என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆராய்ந்தபோது அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. கூரையில் கூடு கட்டிய சிறுகாக்கைகளைச் சுடுவதற்கு மருந்தும் குண்டும் வாங்கிய செலவு கோவில் கணக்கிலேயே இருக்கிறது. அதே கோவிலின் இருக்கை முனைகளில் ஏழு தலையான பாவங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட இருக்கைகள் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டில் வந்தவை. அதற்கு முன்பு மக்கள் நின்றார்கள், முழந்தாளிட்டார்கள், முடியாதவர்கள் சுவரை ஒட்டிய கல் திண்ணையில் உட்கார்ந்தார்கள்.


வரைபலகை எழுதியது

நேற்று மறுபடியும் அந்தக் கோவிலுக்குப் போய்வந்தேன், இந்த முறை ஒரு கைவிளக்கோடு. பிசினாவில் ஒரே குழிதான். வடக்குச் சுவரில் மாடம் ஏதும் இல்லை. கல் திண்ணை இருக்கிறது. போன முறை அதன்மேல்தான் உட்கார்ந்து படம் போட்டிருக்கிறேன், அளக்கவில்லை.

படிக்கட்டில் மீண்டும் ஏறினேன். மேல்வாசலின் கீழ்க்கல் நடுவில் குழிந்து தேய்ந்திருக்கிறது. வாசலில் நின்று எதிர்ச்சுவரில் விளக்கைப் பாய்ச்சியபோது, அதே மட்டத்தில் வளைவின் கல்லில் ஒரு சதுரப் பள்ளம் தெரிந்தது. பின்னர் வேறு கல்லால் அடைத்து மேலே பூசியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில், என் முழங்காலுக்கு அருகிலும் அதன் இணை இருந்தது. இரண்டுக்கும் இடையே பரணின் விட்டத்தை வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போட்டுக்கொண்டேன்.

திரையின் அடைத்த பலகையில் துளைகளும் இருந்தன, தென்புறத்தில் இரண்டு. நான் முழந்தாளிட்டுப் பார்த்தேன். எனக்குச் சற்றுத் தாழ்வு. இருந்தாலும் பீடம் நேராகத் தெரிந்தது.